ஒருவர் மட்டும் நுழையலாம்

பிப்ரவரி 11

அன்புள்ள கேடயத்துக்கு,

இந்த அகால வேளையில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். உனக்கு அங்கே பட்டப்பகல், இங்கேதான் தெருவே அடங்கிவிட்டது. நம் பெரிய மனுஷி பால் குடித்துவிட்டு இப்போதுதான் தூங்கினாள். போனில் பேசலாம் என்றால் நான் ‘ஹலோ’ சொன்னதுமே ஒரு கண்ணைத் திறந்து, ‘எனக்குத் தெரியாம யாரோட பேச்சு?’ என்பதுபோல் பார்க்கிறாள். ஒற்றை அறை வீட்டில் வேறெங்கே போய்ப் பேசுவது? குளியலறையில் பேசினால் எதிரொலிக்கிறது. அதனால்தான் கடிதம்.

ஒரு விஷயம். சிரிக்கக்கூடாது. நம் பழைய கேமை டேப்லெட்டில் மறுபடி இறக்கியிருக்கிறேன். கேமில் என் ஆளான வைத்தியர் நாம் விட்ட இடத்திலேயே, ஆற்றங்கரையில், வெள்ளை அங்கியோடு நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் நீதான் இல்லை.

சேர்ந்து விளையாடிய காலத்தில் தெரியாதது தனியாகப் போனதும் தெரிகிறது. நீ கேடயத்தோடு முன்னால் நின்று அடி வாங்குவாய், நான் பின்னால் நின்று உன் காயத்தை ஆற்றுவேன். அடிப்பதற்கென்று எனக்கு இருப்பது ஒரே ஒரு முள் மந்திரம். அதை வைத்து ஒரு ஓநாயைக் கொல்வதற்குள் ஓநாய்க்கே அலுத்துப்போகிறது. இந்த லட்சணத்தில் நான் கோபுரத்துக்குள் போயிருக்கிறேன். ஞாபகம் இருக்கிறதா, வடக்கு தேசத்துக்கு முன்னால் வருமே, அதுதான். ஆயிரம் பேர் சேர்ந்து விளையாடுகிற கேமில் அந்த வாசலில் மட்டும் ‘ஒருவர் மட்டும் நுழையலாம்’ என்று எழுதியிருக்கிறது. ஆறு மாடி, மாடிக்கு ஒரு மிருகம், கடைசியில் வடக்கின் சாவி. மிருகத்தைப் பாதியில் விட்டுவிட்டு நகர்ந்தால் அதற்கு உயிர் முழுசாகத் திரும்பிவிடும். பெரிய மனுஷிக்கு அந்த விதி எப்படியோ தெரிந்திருக்கிறது. மிருகம் கடைசி மூச்சில் இருக்கும்போதுதான் அவளுக்குப் பசிக்கிறது. இரண்டாம் மாடியிலேயே நாலைந்து தடவை செத்துவிட்டேன்.

அக்கா இன்று காலையும் கூப்பிட்டார். அறையை ஒழித்துவிட்டாராம், தொட்டிலுக்குக் கொக்கிகூட அடித்தாயிற்றாம். எப்போது வருகிறாய் என்று கேட்டார். உன் அக்காமேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை, உனக்கே தெரியும். ஆனால் அங்கே போய்விட்டால் மார்ச்சில் நான் வேலைக்குத் திரும்பமுடியாது. அங்கிருந்து என் ஆபீசுக்குப் போய்வரவே பாதி நாள் ஆகும். ஆபீஸின் கீழ்த்தளத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்கிறது, இடமும் கிடைத்துவிட்டது. இதையெல்லாம் சொன்னால் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள், தனியாக எப்படிச் சமாளிப்பாய் என்று.

எனக்கே தெரியவில்லை, எப்படி என்று. கேஸை மூடினேனா என்று மூன்று தடவை எழுந்து பார்க்கிறேன். குழந்தையின் மூச்சை விரல் வைத்துப் பார்க்கிறேன். ஆனால் இவள் பிறந்ததிலிருந்து நானே ஆரம்பித்து நானே முடித்த காரியம் ஒன்றுகூட இல்லை. ஒரு கப் டீயைக்கூட வீட்டுக்கு வருகிற யாராவது என் கையிலிருந்து வாங்கி, ‘நீ போம்மா, நான் பாத்துக்கறேன்’ என்கிறார்கள். இந்த மாதக் கடைசி வரை எனக்கு விடு. போவதா இருப்பதா என்று நானே சொல்கிறேன்.

உன் வைத்தியர்


பிப்ரவரி 13

டாக்டரம்மா,

முதலில் சிரித்துவிட்டேன். சிரிக்காதே என்றால் சிரிப்பு வரத்தான் செய்யும். அப்புறம் நாங்கள் தங்கியிருக்கிற கண்டெய்னருக்கு வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். என் பக்கத்துக் கட்டில்காரர் ‘ஜெனரேட்டர்’ (அவர் குறட்டைக்கு நாங்கள் வைத்த பெயர்) எழுந்து வந்து, ‘என்னப்பா, வீட்டு ஞாபகமா?’ என்றார். கண்ணில் மணல் என்றேன். இங்கே அதற்குப் பஞ்சமே இல்லை.

கோபுரத்தைப் பற்றி. அது அடிக்கிறவர்களுக்காகக் கட்டியது. வைத்தியர்கள் யாரும் அதைத் தனியாகத் தாண்டியதில்லை என்று விளையாடுகிறவர்கள் எழுதுகிற பக்கத்தில் பார்த்தேன். எல்லாரும் புலம்பியிருக்கிறார்கள். ஒருத்தர், கம்பெனி அதை மாற்றும்வரை பொறுத்திருங்கள் என்கிறார். நானும் அதைத்தான் சொல்வேன். நான் லீவில் வந்ததும் பார்த்துக்கொள்ளலாம்.

இங்கே காற்றாலையில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் விதி என்ன தெரியுமா? எவ்வளவு பெரிய கில்லாடியாக இருந்தாலும் தனியாக டவர் ஏறக்கூடாது. இரண்டு பேர் இல்லையென்றால் அன்றைக்கு வேலையே இல்லை. காற்று வேகமாக அடித்தாலும் ஏறமாட்டோம், கீழே உட்கார்ந்து சீட்டாடுவோம். மேலே ஏறியதும் முதலில் உங்கள் ஞாபகம்தான் வருகிறது. அவள் அங்கே ஒற்றையாக ஏறிக்கொண்டிருக்கிறாள், கூட ஆள் இல்லை என்று. இந்த நினைப்போடு போல்ட் முடுக்குவது நல்லதில்லை.

அக்கா வீட்டுக்குப் போவதில் தோல்வி ஒன்றும் இல்லை. வேலை எங்கே ஓடிவிடப் போகிறது? சரி, மாதக் கடைசி என்றாய், மாதக் கடைசி. நான் வாயை மூடிக்கொள்கிறேன். பெரிய மனுஷிக்கு இரண்டு கன்னத்திலும் ஒன்று ஒன்று.

கேடயம்


பிப்ரவரி 19

அன்புள்ள கேடயத்துக்கு,

நாலாம் மாடியில் இருக்கிறேன். படித்ததும் ஒரு தடவை விசில் அடி, எனக்குக் கேட்கும்.

எப்படி என்று சொல்கிறேன். நீ வாயை மூடிக்கொள்வதாகச் சொல்லிவிட்டதால் கேட்டுத்தான் ஆகவேண்டும். நான் இத்தனை நாள் உன்னைப்போல் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். முன்னால் போய் நிற்பது, அடிப்பது, சாவது. மூன்றாம் மாடியில் இவளுக்குப் பால் கொடுத்துக்கொண்டே விளையாடியபோது, திரும்பத் திரும்ப அடிக்கக் கை ஒழியாமல் முள்ளை ஒரு தடவை மட்டும் போட்டுவிட்டு என் காயத்தை ஆற்றிக்கொண்டே நின்றேன். முள் தைத்தபடியே இருந்தது. மிருகத்தின் உயிர் சொட்டுச் சொட்டாக இறங்கியது. நான் சாகவில்லை, அதுதான் விஷயம். ஒரு மிருகம் விழ அவள் பால் குடித்து, ஏப்பம் விட்டு, தோளில் தூங்குகிற நேரம் ஆகிறது. ஆகட்டும், எனக்கென்ன ரயிலா போகிறது?

அவள் என் இடது கையை விடமாட்டாள். அதனால் திரையில் இருக்கிற பட்டன்களையெல்லாம் வலது மூலைக்கு இழுத்து வைத்திருக்கிறேன். முள் கட்டைவிரலுக்கு, மருந்து ஆள்காட்டி விரலுக்கு, ஓட்டம் நடுவிரலுக்கு. ஒரே கைதான். மாற்றி மாற்றிப் பார்த்து இந்த இடத்தைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று ராத்திரி ஆயிற்று.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். பதறாதே, எல்லாம் முடிந்துவிட்டது. திங்கட்கிழமை இவளுக்குக் காய்ச்சல். தெர்மாமீட்டரை மூன்று தடவை வைத்துப் பார்த்தேன். மருந்து பாட்டிலின் லேபிளை நீ பார்த்திருக்கவேண்டும், ஆபீஸில் பார்ப்பதுபோல விரல் வைத்து எழுத்து எழுத்தாகப் படித்தேன். வருஷக்கணக்காக ஊருக்கெல்லாம் மருந்து லேபிள் சரிபார்த்தவள், சொந்தக் குழந்தைக்கு ஊற்றும்போது மூடியின் அளவுக் கோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துப் பார்த்து ஊற்றினேன். விடிந்ததும் தூக்கிக்கொண்டு தெருமுனை டாக்டரிடம் போனேன். அவர் பார்த்துவிட்டு, ‘நீங்க செஞ்சதெல்லாம் சரிதாம்மா, நான் புதுசா எதுவும் எழுதப்போறதில்ல’ என்றார். இப்போது ஜுரம் இல்லை. டேப்லெட்டின் மூலையைச் சப்பிக்கொண்டிருக்கிறாள்.

அன்றைக்கே சொல்லாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. நீ டவர்மேல் இருக்கிறவன்.

உன் வைத்தியர்


பிப்ரவரி 20

டாக்டரம்மா,

காய்ச்சல் வந்ததை மூன்று நாள் கழித்துக் கடிதத்தில், அதுவும் கோபுரத்துக்கும் மிருகத்துக்கும் பின்னால் படிக்கிற அப்பன் இந்த உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். விசில் அடிக்க வாயைக் குவித்தவன் அப்படியே நின்றுவிட்டேன்.

சண்டை போடவில்லை. நீ செய்தது சரி. ஆனால் என்னால் தூங்கமுடியவில்லை. அக்காவிடம் பேசினேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு எட்டு வந்து பார்ப்பார்.

காற்று பலமாக இருக்கிறது, இரண்டு நாளாக யாரும் ஏறவில்லை, கையில் வேலை இல்லை. அது சரி, கேமில் உன் கடவுச்சொல் இன்னும் நம் பழைய பூனையின் பெயர்தானா? சும்மா கேட்டேன்.

கேடயம்


பிப்ரவரி 23

கேடயத்துக்கு,

‘அன்புள்ள’ போடவில்லை. அழித்துவிட்டேன் என்று நினைக்காதே, எழுதவே இல்லை.

நேற்று மத்தியானம் பெரிய மனுஷி தூங்கியதும் டேப்லெட்டைத் திறந்தேன். ஐந்தாம் மாடிக்குப் போகலாம் என்று. என் வைத்தியர் கோபுரத்துக்கு அந்தப் பக்கம், பனியில் நின்றுகொண்டிருந்தாள். பையில் வடக்கின் சாவி. ஏதோ கோளாறு என்று நினைத்து முள்ளைத் தொட்டேன், கட்டைவிரலுக்கு அடியில் ஒன்றும் இல்லை. பட்டன்கள் எல்லாம் இடது மூலையில், வரிசையாக, கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பி வைக்கப்பட்டிருந்தன. இந்தப் பூமியில் எனக்குத் தெரிந்த இடதுகைக்காரன் ஒருவன்தான். சாவியை எடுத்துக் கொடுத்தவன் வந்த தடத்தை அழிக்க மறந்துவிட்டான்.

நான் சந்தோஷப்படுவேன் என்று நினைத்திருக்கிறாய். அதுதான் எனக்கு ஆறவில்லை. அந்தப் பட்டன்களைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். வழியில் போன ஒரு சாதாரண நரி வந்து என்னைக் கடித்தது. எதை அழுத்துவது என்று தெரியாமல் செத்துப்போனேன். நாலு மாடி ஏறியவள் நரியிடம்.

அந்த நேரம் பார்த்து அழைப்புமணி. அக்கா. கையில் மூன்று காலிப் பெட்டிகள், கீழே காரில் பின் சீட்டை மடக்கிப் போட்டிருந்தார். ‘எதெதை எடுத்துக்கணும்னு சொல்லு, நான் கட்டிடறேன்’ என்றார். எதற்கு அக்கா என்றேன். அவர் முகம் போன போக்கை நீ பார்க்கவில்லை. ‘நீ வரச் சம்மதிச்சிட்டேன்னு அவன் சொன்னானே’ என்றார்.

சம்மதிக்கவில்லை என்றால் உன்னைக் காட்டிக்கொடுத்ததாகும். சும்மா இருந்தால் பெட்டி நிறைந்துவிடும். கடைசியில், ‘நான் இன்னும் முடிவு பண்ணலக்கா’ என்று மட்டும் சொன்னேன். அவர் பெட்டிகளை வாசலிலேயே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அப்புறம், ‘அவனுக்கு நான்தானே கார் ஓட்டக் கத்துக்குடுத்தேன். லைசென்ஸ் வாங்கின பிற்பாடு வேற யாராவது ஓட்டறப்ப பக்கத்து சீட்டுல உக்காந்தா தரையைப் போட்டு மிதிப்பான், அங்க பிரேக் இருக்கற மாதிரி’ என்றார். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அவருடைய பயிற்சி வண்டியிலாவது பக்கத்து சீட்டுக்காரருக்கு நிஜமாகவே ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவருக்கும் அது இருப்பது தெரியும்.

டீ போட்டுக் கொடுத்தேன். முழுக்க நானே போட்டேன், அவர் அடுப்பங்கரைக்கு வரவில்லை. போகும்போது காலிப் பெட்டிகளை எடுத்துக்கொண்டு போனார்.

ஒரே நாளில் இரண்டு காரியம், இரண்டும் என் முதுகுக்குப் பின்னால். கெட்ட எண்ணம் இல்லை என்று எனக்குத் தெரியும். அதனால்தான் நல்லபடியாகக் கத்தக்கூட முடியவில்லை.

நான்


மார்ச் 1

டாக்டரம்மா,

இத்தனை நாள் எழுதாததற்கு வேலை காரணம் இல்லை. மூன்று தடவை எழுதினேன், மூன்றிலும் ‘ஆனால்’ இருந்தது. கிழித்துப்போட்டேன்.

ஆமாம், நான்தான். உனக்கு எழுதிய பிறகும் காற்று அடங்காத அடுத்த இரண்டு நாளும் ஜெனரேட்டரின் கட்டிலில் உட்கார்ந்து, என் போனில், உன் வைத்தியரை வைத்துக்கொண்டு. பெரிய சூரன் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். ஐந்தாம் மாடியில் எத்தனை தடவை செத்தேன் என்று ஜெனரேட்டரைக் கேள், ஊருக்கெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறார். கடைசியில் உன் கடிதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, முள்ளைப் போட்டுவிட்டு நின்றேன். உன் வித்தையை வைத்துத்தான் ஜெயித்தேன். என் சொந்தச் சரக்கு ஒன்றும் அதில் இல்லை. இதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

வியாழக்கிழமை என்னோடு ஏற ஒரு புது ஆள் வந்தார். கீழே நின்று பாதுகாப்பு பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தார். தொடைப் பட்டை கொஞ்சம் தளர்ந்திருந்தது. நான் பாட்டுக்குக் கை நீட்டி இழுத்து இறுக்கிவிட்டேன். நல்லதுக்குத்தானே. எங்கள் மேற்பார்வையாளர் அம்மா அதைப் பார்த்துவிட்டார். இரண்டு பேரையும் ஓரமாக நிற்கவைத்தார். அன்றைக்கு ஏறவிடவில்லை. ‘அவர் பெல்ட்டை அவர்தான் போடணும். லூசா இருந்தா நீ வாயால சொல்லு. நீ இறுக்கிவிட்டா, நாளைக்கு நீ இல்லாதப்ப அவர் எதை நம்பி ஏறுவாரு?’

இது எனக்குத் தெரியாத விதி இல்லை. சேர்ந்த அன்றே சொல்லிக்கொடுத்தது. இரண்டு பேராகத்தான் ஏறவேண்டும் என்பதை உனக்கு எழுதினவன், அதற்கு அடுத்த வரியை எழுதாமல் விட்டிருக்கிறேன். அன்று முழுக்கக் கீழே உட்கார்ந்து அந்த மூன்று பட்டன்களைப் பற்றி யோசித்தேன். கட்டைவிரலுக்கு முள், ஆள்காட்டி விரலுக்கு மருந்து, நடுவிரலுக்கு ஓட்டம். உன் இடது கையில் அவள்.

அக்காவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். நீ சம்மதித்ததாகச் சொன்னது பொய் என்று. ‘தெரியும்டா. அவ மூஞ்சியிலயே தெரிஞ்சுது’ என்றார். அப்புறம் நான் சின்ன வயதில் வாங்கிக்கட்டிக்கொண்டதை எல்லாம் ஒரு தடவை ஞாபகப்படுத்தினார். கேம் கம்பெனிக்கு எழுதி, அந்தச் சாவியைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்றும் கேட்டேன். சாவி கேட்டு வருகிறவர்கள் உண்டு, திருப்பித்தர வருகிறவர் நீங்கள்தான், அதற்கு எங்களிடம் வழி இல்லை என்று பதில் வந்தது. பட்டன்களை நான் தொடவில்லை. பழையபடி வைத்துவிடலாம் என்று கை போனது, இழுத்துக்கொண்டேன்.

பயந்தது நான். அதற்கு, உன்னால் சமாளிக்கமுடியாது என்று பெயர் வைத்தேன். மாதக் கடைசி நேற்றோடு போய்விட்டது. உன் முடிவு என்னவென்று கேட்கிற தகுதி எனக்கு இல்லை. நீயாகச் சொல்கிறவரை காத்திருக்கிறேன்.

கேடயம்


மார்ச் 6

அன்புள்ள கேடயத்துக்கு,

போட்டுவிட்டேன், பார்.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். புது ஆளின் பெல்ட் வந்த இடத்தில் மட்டும் மூன்றாவது தடவையும். அந்த மேற்பார்வையாளர் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல். எதற்கு என்று கேட்டால் சும்மா என்று சொல்.

பட்டன்களை வலது மூலைக்குக் கொண்டுவந்தேன். பிறகு கோபுர வாசலுக்குத் திரும்பி நடந்தேன். ‘உங்களிடம் சாவி உள்ளது, இனி உள்ளே பரிசு எதுவும் கிடையாது. போகவேண்டுமா?’ என்று கேட்டது. ஆமாம் என்று அழுத்தினேன். முதல் மாடியிலிருந்து ஆரம்பித்தேன். நேற்று மாலை ஆறாம் மாடி. அது ஒரு கல் நாய், தலை மட்டும் நம் வீட்டளவு. பெரிய மனுஷி விழித்துக்கொண்டுதான் இருந்தாள், இடது கையில். முள் பச்சையாக மின்னும்போதெல்லாம் அதைப் பிடிக்கக் கையை நீட்டினாள். பாதியில் பால் கேட்டாள், கொடுத்தேன், முள்ளைப் புதுப்பித்தேன், மருந்து, முள், மருந்து. ஒரு கட்டத்தில் நாய்க்கும் எனக்கும் ஒரே அளவு உயிர்தான் மிச்சம். அவள் என் மூக்கைப் பிடித்து இழுத்தாள். நான் கட்டைவிரலை எடுக்கவில்லை.

நாய் விழுந்தது. பரிசு இல்லை, மேளம் இல்லை, எழுத்துகூட வரவில்லை. கதவு மட்டும் திறந்தது. அவளிடம், ‘முடிச்சிட்டேன்டி’ என்றேன். அவள் ஏப்பம் விட்டாள். அதற்கப்புறம் எழுந்து ஒரு டீ போட்டேன். சூடு ஆறுவதற்குள் கடைசிச் சொட்டு வரை குடித்தேன்.

இனி முடிவு. திங்கட்கிழமை வேலைக்குப் போகிறேன். இவளைக் கீழ்த்தளத்தில் விட்டுவிட்டு. பயமாகத்தான் இருக்கிறது, கேஸையும் இன்று மூன்று தடவை பார்த்தேன், அது போகாது போலிருக்கிறது. இன்று காலை அக்காவை நானே கூப்பிட்டேன். முதல் வாரம் மட்டும் இங்கே வந்து என்னோடு இருக்கமுடியுமா என்று கேட்டேன். சாயங்காலம் எனக்குத் தாமதமானால் இவளைக் காப்பகத்திலிருந்து கூட்டிவர ஆள் வேண்டும். அக்கா, ‘பெட்டி எடுத்துட்டு வரணுமா, வேணாமா?’ என்றார். உங்க துணிக்கு மட்டும் ஒன்று என்றேன். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பெரிய மனுஷி எழுந்துவிட்டாள்.

உன் பொய் எனக்கு இன்னும் கொஞ்சம் வலிக்கிறது. வந்து நேரில் திட்டு வாங்கிக்கொள். அதுவரை எடுத்து வைத்திருக்கிறேன்.

நான் இப்போது வடக்கில் நிற்கிறேன். முதலிலேயே ஒரு தொங்குபாலம். இந்தக் கரையில் ஒரு சக்கரம், அந்தக் கரையில் ஒரு சக்கரம். இரண்டையும் ஒரே சமயத்தில் சுற்றினால்தான் பலகைகள் சேர்கின்றன. சுற்றிச் சுற்றிப் பார்த்தேன், முள்ளுக்கும் மருந்துக்கும் இதில் வேலை இல்லை. இன்னொரு ஆள் வேண்டும். வேறு யாராவது வழிப்போக்கரைக் கூப்பிடலாம், நிறையப் பேர் போகிறார்கள். நான் யாரையும் கூப்பிடவில்லை. உன் கேடயக்காரனாக, உன் கடவுச்சொல்லோடு வா. என்னுடையதை மாற்றிவிட்டேன், பூனையை இனி நம்பாதே.

உனக்கு எப்போது டவர் ஏறமுடியாதபடி காற்று அடிக்கும் என்று அங்கே முன்கூட்டியே சொல்வார்களே. அந்த நாளைப் பார்த்து எனக்குச் சொல். அன்றைக்கு இவளைச் சீக்கிரம் தூங்கவைத்துவிட்டுச் சக்கரத்துக்குப் பக்கத்தில் நிற்கிறேன். தாமதிக்காமல் பதில் எழுது.

உன் வைத்தியர்